ரெண்டாவது பிரேக்

பல் டாக்டர் கார் சாவியை என் பக்கம் நீட்டி, "ஓட்டிப் பாருங்க மேடம்" என்றார். நான் சாவியை வாங்காமல் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். "நீங்க ஓட்டுங்க டாக்டர், நான் பாக்கறேன்" என்றேன். அவர் குழம்பிப்போய் என் வீட்டுக்காரரைத் தேடினார். என் வீட்டுக்காரர் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்ததால் அவருடைய செருப்பு மட்டும்தான் வெளியே தெரிந்தது.

இருபத்திரண்டு வருடமாக நான் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறேன். என் இடம் பக்கத்து இருக்கை. அங்கே என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே 'ரெண்டாவது பிரேக்' தான். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் வண்டியைக் கிளப்பி முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போவதற்குள் அவர் வண்டியை எப்படி வைத்திருப்பார் என்று சொல்லிவிடுவேன். கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. பிரேக்கை உதைக்கிறவர்கள் உண்டு. பேருந்துக் கம்பி மாதிரி கியரைப் பிடித்துத் தொங்குகிறவர்கள் உண்டு. வண்டியைப் பார்த்து வாங்கினால் ஏமாறலாம், ஓட்டுகிறவரைப் பார்த்து வாங்கினால் ஏமாற முடியாது என்பது என் கட்சி. அதில் அன்று காலைவரை எனக்குத் துளி சந்தேகம் இருந்ததில்லை.

டாக்டர் ஓட்டினார். கிளட்சை அவர் விட்ட விதத்திலேயே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கியர் மாற்றி முடித்ததும் இடது காலை எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டார். மேட்டில் அவசரப்படுத்தவில்லை, பள்ளத்தில் உருளவிடவில்லை. இந்தக் கையிடம் பல்லைக் கொடுக்கவும் பயப்பட வேண்டாம் என்று தோன்றியது. இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டதால் விற்கிறாராம். ரெண்டே சீட்டு உள்ள வண்டியில் யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்று அவரே சொல்லிச் சிரித்தார். அரை மணி நேரத்தில் என் வலது கால் ஒரே ஒரு தடவைதான், குறுக்கே ஒரு நாய் வந்தபோது, இல்லாத பிரேக்கை மிதித்தது.

எனக்கு இந்தக் கார் வேண்டும். அதை மூடி மறைக்க ஒன்றுமில்லை. சிவப்பு நிறம், தரையோடு தரையாக ஒரு உருவம், கிளப்பினால் விலா எலும்பு வரை வந்து தொடும் சத்தம். ஆயிரக்கணக்கான பேரை ஓட்டவைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தது போதும் என்று ஒருநாள் தோன்றியது, அன்றிலிருந்து அந்த எண்ணம் என்னை விடவில்லை. ஆனால் கையில் இருக்கிற பணம் சும்மா இருக்கிற பணம் இல்லை. ஸ்கூலின் முதலாளியம்மா இரண்டு வருடத்தில் ஓய்வெடுக்கப்போகிறார். ஸ்கூலை எனக்குத்தான் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்காகச் சேர்த்துவைத்த பணம் அது. இந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது, இருப்பதெல்லாம் இனி விலை இறங்காது, இரண்டு வருடம் பொத்திப்பொத்தி ஓட்டிவிட்டு விற்று ஸ்கூலை வாங்கிக்கொள்ளலாம் என்று நான் வீட்டில் கணக்குச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு மருந்துக்கடை. பிஸ்கட் பாக்கெட்டாக இருந்தாலும் கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் முதலில் பின்பக்கம் திருப்பித் தேதி பார்க்கிற மனிதர்.

"விக்கும்போது என்ன வரும்? அதை மொதல்ல சொல்லு" என்றார்.

"வாங்கின விலை வரும். நல்லா வெச்சுக்கிட்டா மேலயும் வரும்."

"வரலன்னா?"

"ஸ்கூல் போயிடும்" என்றேன். அவர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பதினோரு கேள்விகள் எழுதிக்கொண்டு வந்தார்.

பதினோரு கேள்விக்கும் டாக்டர் பாஸ். அவர் ஒருவர் மட்டுமே வைத்திருந்த ஒரே கை வண்டி. சர்வீஸ் தாள்கள் எக்ஸ்ரே படங்கள் மாதிரி தேதிவாரியாக உறைக்குள் இருந்தன. ரெண்டு சாவியும் இருந்தது. எங்கேயும் அடிபடவில்லை, பெயின்ட்டும் கார் கம்பெனியிலேயே அடித்தது. என் வீட்டுக்காரர் கதவு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். விலை பேசினோம், டாக்டர் கொஞ்சம் இறங்கினார், கொஞ்சம் நாங்களும் ஏறினோம். கையெழுத்துகள் முடிந்தன. இப்போது டாக்டர் நீட்டிய சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

ஏறி உட்கார்ந்தேன் என்று சொல்லக்கூடாது, உள்ளே விழுந்தேன். அந்த இருக்கையின் ரெண்டு பக்கமும் கை வைக்க இடமில்லாமல் மேலே எழும்பி என் விலாவைப் பிடித்துக்கொண்டன. காலை நீட்டினேன். கிளட்ச் பெருவிரல் நுனியில் பட்டது, அவ்வளவுதான். முன்னால் இழுக்க இருக்கைக்கு அடியில் நெம்புகோலைத் தேடினேன். நெம்புகோல் இல்லை. தரையோடு சேர்த்து முடுக்கிய நாலு போல்ட்டுகள்தான் கையில் தட்டுப்பட்டன. டாக்டர் ஆறடிக்குமேல் உயரம். தன் அளவுக்கு ஒரு பந்தய இருக்கையை வாங்கி, நகராதபடி பொருத்தியிருக்கிறார். 'மொதல்ல சீட்ட சரி பண்ணு, அப்புறம் கண்ணாடி, அப்புறம் பெல்ட்டு' என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஊருக்கெல்லாம் சொல்கிறவள், வாங்கப்போகிற வண்டியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கவே இல்லை.

"என்ன?" என்று என் வீட்டுக்காரர் ஜன்னலில் குனிந்தார்.

"எட்டல."

"எது?"

"கால்."

"நீ உக்காந்தே பாக்கலையா?" அவர் குரல் உயர்ந்தது. "இருபத்திரண்டு வருஷ சர்வீஸு!"

"உங்க பதினோரு கேள்வியில சீட்டு எங்க இருக்கு, காட்டுங்க" என்று நானும் பாய்ந்தேன். அவர் உண்மையாகவே சட்டைப்பையிலிருந்து அந்த மருந்துச் சீட்டை எடுத்து ஒருமுறை படித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கால் எட்டாதது சின்ன விஷயம். இரண்டு வருடம் கழித்து இதை வாங்க வருகிறவன் கதவைத் திறந்ததும் ஒரிஜினல் சீட்டு எங்கே என்றுதான் கேட்பான். இல்லை என்றால் விலையை அங்கேயே வெட்டுவான். நிறுத்திய மாடலுக்கு ஒரிஜினல் சீட்டு கடையில் கிடைக்காது. ஸ்கூல் பலகையில் முதலாளியம்மாவின் பெயருக்குக் கீழே நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்த என் பெயர் அழியத் தொடங்கியது. பயந்துதான் போனேன்.

டாக்டர் நல்ல மனிதர், முகம் வெளுத்துவிட்டது. "ஒரிஜினல் இருக்கு மேடம். பத்திரமா இருக்கு" என்றார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்பா அதுல உக்காந்திருக்கார்."

கூடத்தில் எல்லா நாற்காலிகள் மேலும் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில், இரும்புச் சட்டத்தில் பொருத்தி, சிவப்புத் தையலோடு என்னுடைய சீட்டு. அதில் டாக்டரின் அப்பா, டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். செய்தி முடிந்து விளம்பரம் வந்ததும் அடியில் கைவிட்டு நெம்புகோலை இழுத்து வழுக்கென்று பின்னால் போனார். மறுபடி செய்தி வந்ததும் வழுக்கென்று முன்னால் வந்தார். தண்டவாளம் எண்ணெய் போட்டு அருமையாக இருந்தது. எனக்கு ஒரு பக்கம் வயிறு எரிந்தது, இன்னொரு பக்கம் சந்தோஷமாகவும் இருந்தது.

"அப்பா, இவங்கதான் காரை வாங்கியிருக்காங்க."

"சந்தோஷம். எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"சீட்டும் வேணுமாம்."

"எந்த சீட்டு?" என்று அவர் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். விளங்கியதும் சத்தத்தைக் குறைத்தார். "ஏம்மா, என் இடுப்பு வலிக்கு நாலு டாக்டரப் பாத்தாச்சு. இவனும் டாக்டர்தான், பல்லத் தவிர ஒண்ணும் தெரியாது. எனக்கு உக்கார முடியறது இது ஒண்ணுலதான். கெளப்பாதீங்க என்னை."

டாக்டர் வேறு நல்ல நாற்காலி வாங்கித் தருவதாகக் கெஞ்சினார். என் வீட்டுக்காரர் இடுப்பு வலிக்கு ஒரு தைலத்தின் பெயரைச் சொன்னார். பெரியவர் இருவரையும் மதிக்கவில்லை. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வயதானவரிடமிருந்து இருக்கையைப் பிடுங்க வந்திருக்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுந்து போகிற எண்ணம் எனக்கு இல்லை.

"இந்த சீட்டு இருந்த வண்டியில நீங்க போயிருக்கீங்களா ஐயா?"

அவர் மகனைப் பார்த்தார்.

"அப்பாவால குனிஞ்சு ஏற முடியாது மேடம், வண்டி ரொம்பத் தாழ்வு" என்றார் டாக்டர்.

"முடியுமான்னு நீ கேக்கவே இல்லையேடா" என்றார் பெரியவர். கோபமே இல்லாமல் சொன்னார். ஆறு வருடம் வாசலில் நின்ற வண்டி. டாக்டர் அங்கிருந்த ஒரு குழந்தைத் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"பக்கத்து சீட்டு இதோட ஜோடிதான் ஐயா. இதே மெத்தை, இதே சாய்வு. வந்து உக்காருங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்றேன்.

"யாரு ஓட்டறது?"

"நான்தான்."

"கால் எட்டலேன்னு வாசல்ல சத்தம் கேட்டுதே."

"முதுகுக்கு ரெண்டு தலகாணி வெச்சா எட்டும்."

அவர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "நான் முப்பத்தஞ்சு வருஷம் ரயில் ஓட்டினவன்மா. பின்னாடி ஆயிரம் பேரு இருப்பான், பாதிப் பேரு கையில டீ இருக்கும். சிந்தாம நிறுத்தணும். நிறுத்தியிருக்கேன். அதே மாதிரி நீ நிறுத்திக் காட்டு, சீட்ட எடுத்துக்க. காட்டலேன்னா அந்தப் பேச்சையே விட்டுடணும், சம்மதமா?"

"சம்மதம்" என்றேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, "தோத்துட்டா?" என்றார். "பிரேக்குல என்னைத் தோக்கடிக்க இன்னொருத்தர் பொறந்து வரணும்" என்றேன்.

முதலில் வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்புவது, அப்புறம் உட்கார்வது, அப்புறம்தான் ரெண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவது என்று நான் சொல்லச் சொல்ல பெரியவர் ஏறிவிட்டார். மகன் ஆறு வருடம் முடியாது என்று வைத்திருந்த காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. எனக்கு முதுகுக்குத் தொட்டிலிலிருந்து வாத்துப் படம் போட்ட ரெண்டு தலையணைகள் வந்தன. கிளட்ச் அடிவரை போனது. கண்ணாடியைச் சரிசெய்தேன், பெல்ட்டைப் போட்டேன், கிளப்பினேன். பக்கத்தில் என்னுடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருக்க, சக்கரம் என் கையில் இருந்தது. இந்தச் சந்தோஷத்தை மறைக்க நான் ரொம்பவும் கஷ்டப்பட வேண்டியிருந்தது.

முதல் சிக்னல் சிவப்பானது. நான் பிரேக்கைத் தொடுவதற்கு மூன்று விளக்குக் கம்பங்கள் முன்னாலேயே பெரியவரின் வலது கை முழங்காலின் மேல் இல்லாத ஒரு ரயில் பிரேக் கைப்பிடியைப் பிடித்து மெல்லத் திருப்ப ஆரம்பித்துவிட்டது. நான் வழக்கம்போல நிறுத்தினேன், நல்லபடியாகவே நிறுத்தினேன். கடைசியில் வண்டி ஒரு சின்னத் தலையாட்டல் ஆட்டியது.

"டீ கொட்டிடுச்சு" என்றார்.

அடுத்த சிக்னலுக்கு நான் சாலையைப் பார்த்த அளவுக்கு அந்தக் கையையும் பார்த்தேன். அது மூடத் தொடங்கியபோது நானும் ஆரம்பித்தேன், அது தளர்ந்தபோது நானும் காலைத் தளர்த்தினேன். வண்டி எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் மற்றவர்களின் காலைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தேன், என் காலைப் பார்த்துத் திருத்த ஒருத்தரும் இருந்ததில்லை. டீ கொட்டவில்லை. பச்சை விழுந்தபோது பெரியவர் லேசாகத் தொண்டையைச் செருமினார், அது போகலாம் என்று அர்த்தம்போல இருந்தது. மூன்றாவது, நாலாவது நிறுத்தங்களில் எனக்கு அவர் கையைப் பார்க்கத் தேவைப்படவில்லை. ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பினோம். அவர் பாதி வழியில் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டார்.

தெருவுக்குள் வந்தபோது இண்டிகேட்டரைப் போட்டேன். தூரத்தில் டாக்டர் வீட்டு வாசல் தெரிந்தது. டாக்டர் சீட்டை இரும்புச் சட்டத்தோடு தூக்கி வந்து வாசலில் வைத்திருந்தார். போல்ட்டு கழற்றும் ஸ்பானர்கூடக் கையில் தயாராக இருந்தது. என் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்து நெம்புகோலை இழுத்து முன்னால் பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார், இந்தத் தடவை ஒன்றையும் விடக்கூடாது என்று. பெரியவரும் அதைப் பார்த்தார். என் கால் பிரேக்கின் மேல் போய் நின்றது. வாசல் இன்னும் மூன்று கம்பங்கள், இரண்டு கம்பங்கள். இண்டிகேட்டர் டிக்கு டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

நான் அவர் கையைப் பார்த்தேன். அது முழங்காலின் மேல் அப்படியே விரிந்து கிடந்தது. எதையும் பிடிக்கவில்லை, திருப்பவில்லை. அவர் கண் வாசலைத் தாண்டி முன்னால் நீண்ட சாலையில் இருந்தது.

இண்டிகேட்டரை அணைத்துவிட்டு வாசலைத் தாண்டினேன். என் வீட்டுக்காரர் சீட்டிலிருந்து பாதி எழுந்து நின்றதும், டாக்டர் ஸ்பானரைத் தூக்கிக் காட்டியதும் பக்கத்துக் கண்ணாடியில் சின்னதாகித் தெரிந்தன. நான் கிளட்சை அடிவரை மிதித்து மூன்றாவது கியருக்குப் போனேன்.