ஏழாவது தேள்

நாய் வளர்ப்பவன் உண்டு, கிளி வளர்ப்பவன் உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த இந்த மகராசன் வளர்த்ததோ தேள். அதுவும் ஏழு, ஒரே கண்ணாடித் தொட்டியில். பதுங்க ஆளுக்கொரு ஓட்டுத்துண்டு, வயிறு வாடாமல் இரை, எல்லாம் ஒரே அளவு உடம்பு. இவ்வளவும் இருந்தால் கூட்டுக்குடும்பம் குலையாது என்பான். நம் சொந்தக்காரர்களுக்கு இதுகள் எவ்வளவோ மேல் என்று வேறு சொல்லிக்கொள்வான்.

அவன் மனைவி பேருந்து ஓட்டுநர். நாலு வயதில் ஒரு மகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள், வாண்டு என்றால்தான் ஓடிவருவாள். அவள் தவழ ஆரம்பித்த அன்றே மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: தினமும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள், அப்புறம் அவனும் தேளும் குடித்தனம் நடத்திக்கொள்ளலாம்.

எண்ணுவதில் கஷ்டமில்லை. திரையை இழுத்து ஊதா விளக்கை அடித்தால் கறுப்புத் தேள் பச்சையாக ஒளிரும். ஏழு பச்சை தெரிந்தால் வேலை முடிந்தது. கொஞ்ச நாளாக ஒன்று மட்டும் மூலையில் அசையாமல் கிடந்தது, இரைக்கும் வரவில்லை. "இதான் என் சாதுப்பிள்ளை" என்று நாலு நாள் அதைக் கொண்டாடினான்.

ஐந்தாம் நாள் மதியம் தண்ணீர்த் தட்டை மாற்றும்போது இடுக்கி அதன்மேல் பட்டது. வெங்காயச் சருகு மாதிரி புரண்டது. உள்ளே ஒன்றுமே இல்லை, உரித்துப் போட்ட வெறும் சட்டை. உரித்த சட்டையும் ஒளிரும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் அவன். மற்றவை தின்றிருந்தால் கொடுக்காவது மிஞ்சியிருக்கும். மண்ணைக் கிளறினான், ஒரு துணுக்கும் அகப்படவில்லை. மேலே, சூட்டு விளக்கின் ஒயருக்காக மூடியில் அவனே வெட்டிய ஓட்டை இருந்தது.

மனைவி வாண்டுவைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். தொட்டி இருந்த அறையின் கதவை அகலத் திறந்து சுவரோடு சாய்த்துவிட்டு வீடு முழுக்க விளக்கடித்தான். செருப்பு, தலையணை, பொம்மைக் கூடை. கட்டிலுக்கடியில் ஒன்று பளிச்சிட்டபோது உயிரே போய் வந்தது. வாண்டுவின் வெள்ளைக் காலுறை.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாவி, அந்தச் சட்டையை எடுத்துப் பழைய மூலையிலேயே வைத்தான். திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டு அழ முடியாது என்பார்கள். இவனுக்குக் கொட்டாமலேயே அந்தக் கதி.

மனைவிக்கு ஒரு வார விடுப்பு முடிந்து அன்று மாலை வேலை. எண்ணிவிட்டுத்தான் போவேன் என்றாள். கதவைச் சாத்தி, அதன் பின்னால் ஆணியில் ஒரு வாரமாகத் தொங்கிய தன் கருநீல வேலைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் அவன் பார்க்கவே இல்லை. அவள் திரையை இழுத்துவிட்டுத் தொட்டி முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். வாண்டு நான்தான் எண்ணுவேன் என்று அடம்பிடித்து, அப்பா முதுகில் உப்புமூட்டை ஏறி, விளக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள். கடைசியில் அந்த மூலைக்கு வந்தாள்.

"ஏழு" என்றாள் வாண்டு.

"சரியா இருக்குங்க" என்றாள் மனைவி. அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"ம்... ஆமா" என்றான்.

வாண்டுவுக்குக் கை வலித்தது போலிருக்கிறது. விளக்கின் வெளிச்சம் தொட்டியை விட்டுச் சரிந்து அம்மாவின் முதுகில் நின்றது. அங்கே பச்சையாக ஒன்று, அவசரமே இல்லாமல், காலரை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

"எட்டு" என்றாள் வாண்டு.

மனைவி திரும்பாமலே சிரித்தாள். "ஏழுதாண்டி செல்லம். வேணும்னா அப்பாவைக் கேளு."