கந்தனுக்குக் கொடுக்காத கால்மணி நேரம்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு உட்கார்ந்த இடத்தில் முள் குத்துகிறது. சீமையெண்ணெய் வாங்க வரிசையில் நிற்கிறவன் முன்னால் நிற்கிறவன் முதுகை இடிக்கிறான். இடித்தால் பீப்பாய் சீக்கிரம் திறந்துவிடுமா? பந்தியில் இலைக்குத் தண்ணீர் தெளிப்பதற்குள் சோறு எங்கே என்கிறான். ஜனங்களிடம் பொறுமை குறைந்துபோச்சு என்று பெரிய மனிதர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். நான் அதை நம்புவதில்லை. ஏன் என்று கேட்டால், யுத்த காலத்தில் என் கண்முன்னால் நடந்த ஒரு காரியத்தைத்தான் சொல்ல வேண்டும்.

அப்போது பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, அடியில் தீ மூட்டி, ஒரு விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றுவார்கள். கரி கனன்று, அந்த வாயு இன்ஜினுக்குப் போனால்தான் வண்டி உறுமும். சுற்றுகிறவன் கிளீனர். எங்கள் பஸ்ஸில் அவன் பெயர் கந்தன். இருபத்தைந்து வயது இருக்கும். பல்லைத் தவிர மேலெல்லாம் கரி. வாய் மட்டும் ஓயாது.

கார்த்திகை மாதம் ஒரு நாள் காலை, வெற்றிலைக் கட்டைக் கூரையில் ஏற்றிவிட்டு, பரமத்தி வேலூரில் நாமக்கல் பஸ் ஏறினேன். எனக்கு முன் பெஞ்சியில் மருதாசலக் கவுண்டர் இருந்தார். வாய்க்கால் ஓரத்து ஒன்றரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்காலுக்காகப் பங்காளியோடு ஒன்பது வருஷமாக வழக்கு நடத்துகிறவர். அன்றைக்கு அவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிற நாள். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வழக்குத் தள்ளுபடியாகிவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவர் பதறியதில் தப்பில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பரமத்தி தாண்டி, கீரம்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு மேட்டில் வண்டி இழுக்கவில்லை. டிரைவர் சென்னிமலை இறங்கி, உருளையைத் தட்டிப் பார்த்தார்.

"கரி அடியோட தீந்துபோச்சு. மேல கொட்டோணும். கொஞ்சம் ஆறட்டும், கால்மணி நேரம்."

"கால்மணியா?" என்று கவுண்டர் எழுந்தார். "ஏம்ப்பா, மூட்டை பக்கத்துலதான கெடக்குது? மூடியத் தொறந்து கொட்டறதுக்குக் கால்மணியா?"

"சூட்டோட தொறந்தா உள்ள அடைஞ்சிருக்கற வாயு பத்திக்குமுங்க" என்றான் கந்தன். "கரிக்குக் கோர்ட்டு, வாய்தா எல்லாம் தெரியாதுங்க கவுண்டரே. அது ஆறுனாத்தான் ஆறும்."

பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் வினையாகப் போயிற்று. கவுண்டர் கீழே இறங்கி அவன் முன்னால் போய் நின்றார்.

"சக்கரம் சுத்தற பயலுக்கு வாயப் பாரு. உங்க மொதலாளி எனக்குச் சொந்தம், தெரியுமல்ல? சாயங்காலம் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்கு நீ இந்த வண்டியில இருக்க மாட்டே."

"கவுண்டரே, அவனை உடுங்க. நாந்தான ஆறட்டும்னேன்" என்றார் சென்னிமலை.

"உன்னையும் சேத்தித்தான் சொல்றேன்."

சென்னிமலைக்கு நாலு பிள்ளைகள். அவர் முன் சக்கரத்துப் பக்கம் போய், சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் பஸ்ஸுக்குள்ளிருந்து ஒவ்வொரு குரலாகக் கிளம்பியது. "ஆமாம்ப்பா, வெயில் ஏறுது." "ஆம்பளைதான நீ? ஒரு மூடியத் தொறக்க இந்தப் பயமா?" "எத்தனை நாளு தொறந்திருக்கறே, இன்னைக்கு மட்டும் என்ன?" என் வெற்றிலையும் வாடிக்கொண்டுதான் இருந்தது. நான் கத்தவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

கந்தன் ஒரு தரம் எல்லோரையும் பார்த்தான். தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினான். "சரிங்க, சாமிங்களா. உங்க இஷ்டம்" என்று சொல்லி, கரி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான். மூடியின் திருகைக் கழற்றி, ஓரத்தைத் தூக்கினான்.

குபீர் என்று ஒரு சத்தம். தீ ஆள் உயரத்துக்கு எழும்பி அடங்கியது. கண் மூடித் திறக்கிற நேரம்தான். கந்தன் ஏணியிலிருந்து மல்லாக்க ரோட்டில் விழுந்தான். புருவம் இல்லை, இமை இல்லை. மூஞ்சி வெந்துபோயிருந்தது. "கண்ணு தெரியலீங்க, கண்ணு தெரியலீங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாழையிலை அறுத்து வந்து அவனைப் படுக்க வைத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோவது எதில்? அந்த வண்டிதான். வண்டி கிளம்ப வேண்டுமானால் மறுபடி தீ மூட்டிச் சக்கரம் சுற்ற வேண்டும். சுற்றுகிறவன் இலையில் கிடக்கிறான். சீக்கிரம், சீக்கிரம் என்று கத்தியவர்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் சுற்றினோம். நானும் சுற்றினேன். அரைமணி நேரம் ஆயிற்று. அவன் முனகலைக் கேட்டுக்கொண்டே சுற்றினோம். கரி எங்களுக்காக ஒரு நொடிகூட முந்தவில்லை.

அந்தச் சமயம் ஒரு குதிரை வண்டி நாமக்கல் பக்கம் போயிற்று. ஓர் ஆள் உட்காரத்தான் இடம் இருந்தது. "நான் முன்னால போயி ஆஸ்பத்திரியில சொல்லி வெக்கறேன்" என்று கவுண்டர் அதில் ஏறிக்கொண்டார். ஊருக்குள் போனதும் சூரியனைப் பார்த்தார். கோர்ட்டுக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நேரே கோர்ட்டுக்குப் போனார். இதை அவரே பிறகு ஒத்துக்கொண்டார்.

கோர்ட்டில் பதினொரு மணிக்குக் கூப்பிடவில்லை. பன்னிரண்டுக்கும் கூப்பிடவில்லை. உட்கார இடமில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வராந்தாத் தூணோரம் நின்றார். டவாலிச் சேவகன் "தள்ளி நில்லு" என்றபோது தள்ளி நின்றார். நாலு மணிக்கு மேல் கூப்பிட்டார்கள். எதிர்க்கட்சி வக்கீல் தவணை கேட்டார். வழக்கு தை மாதத்துக்குப் போயிற்று. "சரிங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கந்தனுக்குத் தலையெல்லாம் கட்டு. உயிருக்குப் பயமில்லை, கண் இரண்டும் இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தகவல் கேட்டுப் பரமத்தி வேலூரிலிருந்து வந்து, நடந்ததையெல்லாம் எங்களிடம் கேட்டறிந்த அவன் பெண்சாதி அத்தாயி, கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்ட முகம். நான் வாசற்படியில் நின்றிருந்தேன்.

"நான் அப்பவே வந்திருப்பேன் ஆத்தா" என்றார் கவுண்டர். "கோர்ட்டுல நிக்க வெச்சுட்டாங்க. காலையில போனவன், நாலு மணிக்கு மேலதான் கூப்பிட்டாங்க. கூப்பிட்டும் என்ன, தை மாசத்துக்குத் தள்ளிப் போட்டுட்டாங்க."

அத்தாயி தலையைத் தூக்கினாள்.

"அவ்வளவு நேரம் நின்னீங்களா?"

"நின்னேன் ஆத்தா."

"சீக்கிரமாக் கூப்பிடச் சொல்லி, அவங்களைச் சத்தம் போட்டீங்களா?"

"அதெப்படி ஆத்தா... கோர்ட்டுல போயி..."

"அப்ப உங்களுக்குப் பொறுமை நெறையா இருக்குதுங்க" என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. "ஒம்போது வருசம் பொறுத்திருக்கறீங்க. இன்னைக்குப் பொழுதன்னிக்கும் பொறுத்திருக்கறீங்க. இன்னும் தை வரைக்கும் பொறுப்பீங்க. எங்கூட்டுக்காரருக்குக் கால்மணி நேரம் மட்டும் உங்ககிட்ட இல்லாமப் போச்சுங்களா?"

அந்த அறையில் வேறு நோயாளிகளும் இருந்தார்கள். எல்லோரும் கவுண்டரையே பார்த்தார்கள்.

கவுண்டர் அப்படியே சுவரோரம் குந்திவிட்டார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா. எவனால என்னைத் திட்ட முடியாதோ அவனைத்தான் வெரட்டுனேன். இனி எந்த ஆளையும் அவசரப்படுத்த மாட்டேன். இது சத்தியம்." அத்தாயி புருஷன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

இதனால்தான் சொல்கிறேன். பொறுமை இல்லாத மனிதன் எவனும் இல்லை. மேலே இருக்கிறவன் முன்னால் எல்லோருக்கும் வேண்டிய மட்டும் இருக்கிறது. நமக்காக உழைக்கிறவன், எதிர்த்துப் பேச முடியாதவன், அவனிடம்தான் அது தீர்ந்துபோகிறது. உன் அவசரத்தில் இன்னொருவன் உடம்பு வேகும் என்றால், அந்த அவசரம் உனக்கு உரிமையானது அல்ல. முதலாளியிடம் காட்டுகிற பொறுமையில் பாதியை வேலைக்காரனிடம் காட்டினால் போதும். நாட்டில் பல பேருடைய கையும் காலும் கண்ணும் மிஞ்சும்.

நான் புறப்படும்போது கவுண்டர் என் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தார்.

"அண்ணா, நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க? நான் வேணும்னா பண்ணுனேன்? இனிமே நான் பழைய ஆளில்லீங்க அண்ணா. நீங்களாச்சும் நம்புங்க."

"நானும்தான் வாய மூடிட்டு இருந்தேன். என்னையவே நான் நம்பறதில்லை" என்றேன். "நீ மாறுனது தை மாசத்துல தெரியாது மருதாசலம். அங்க நீ எப்பவும் போலக் கையக் கட்டிட்டு நிப்பே. உன்ர தோட்டத்துல தண்ணி கட்டறவன் ஒரு நாளு லேட்டா வருவான். அன்னைக்குத் தெரியும்."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் நின்று கேட்கவில்லை. படியிறங்கி ரோட்டுக்கு வந்த பிறகும் அவர் அழுகிற சத்தம் கேட்டது. மெய்யான அழுகைதான். ஆனால் அழுதுவிட்டு மறுநாளே மறந்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.