புகை ஏறிய கொட்டை

"மோந்து பாருங்க" என்று மூக்கம்மா கையை நீட்டினாள். நடுவில் பிளந்த கோகோ கொட்டை அவள் உள்ளங்கையில் இரண்டு பாதியாகக் கிடந்தது. தோட்டக்காரி குனிந்து முகர்ந்ததும் ஈர விறகின் புகை நேரே தொண்டையில் இறங்கியது. அதைக் கண்டுபிடிக்கப் படித்த மூக்கு வேண்டியதில்லை.

சாக்லேட் கம்பெனியிலிருந்து தரம் பார்க்க வருகிறவளுக்குக் கொள்முதல் கொட்டகையில் வைத்திருக்கும் பெயர்தான் மூக்கம்மா. நேரில் எல்லோருக்கும் அவள் மேடம்.

"வெயில்லதான் காய வைக்கணும்னு எத்தனை தடவை சொன்னோம்? அடுப்பு மூட்டி உலர்த்தியிருக்கீங்க. நல்லவேளை, வறுக்கறதுக்கு முன்னாடி பிடிச்சேன். இல்லேன்னா மொத்த அரைவையும் நாசம்."

"இது என் கொட்டையா?"

"மூட்டையில உங்க தோட்ட எண்தானே இருக்கு. இனி இந்த எண்ணுல வர்ற சரக்கை எடுக்கறதா வேண்டாமான்னு நான்தான் எழுதணும்."

தோட்டக்காரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தண்டு வீங்கும் நோய் கண்டு, போன மழைக்கு முன்பே அவள் தோட்டத்து மரங்களை அடியோடு வெட்டியாயிற்று. புதிதாக வைத்த கன்றுகள் இப்போதுதான் முழங்காலைத் தொடுகின்றன. அவை காய்க்கும்வரை வீட்டுக்காரர் ஊரார் தோட்டத்தில் கூலிக்குக் களை எடுக்கிறார். இந்தப் பருவத்தில் அவள் வீட்டிலிருந்து ஒரு கொட்டைகூட வெளியே போகவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தவள் தம்பியைப் பார்த்தாள். கொட்டகையில் எடை போடுகிறவன் அவன். ஊருக்கு அவன் பெயரே தராசு. தராசின் கொக்கியில் ஒன்றும் தொங்கவில்லை. அவனோ அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டை எரித்துவிட்டுச் சிலர் கோகோ வைத்திருந்தார்கள். காடழித்த நிலத்துச் சரக்கைக் கம்பெனி வாங்காது. எந்த மூட்டையும் எந்தத் தோட்டத்தில் பிறந்தது என்று சொல்லியாக வேண்டும், அதற்குத்தான் வீட்டுக்கு ஓர் எண். அந்தக் கொட்டை படகேறி வருவது அவளுக்கும் தெரியும். வேறு யாரோ வியாபாரிக்குப் போகிறது என்று இருந்துவிட்டாள். தன் தோட்டம் அதற்குத் தாய்வீடாகும் என்று நினைத்ததில்லை.

தராசு அவளைச் சாக்கு அடுக்குக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"அக்கா, வாயைத் திறக்காதே. மழையில அவசரப்பட்டு அடுப்புல காட்டிட்டேன்னு சொல்லிடு. நாலு வார்த்தை திட்டுவாங்க, அவ்வளவுதான்."

"என் எண்ணையா எடுத்துக் குடுத்தே?"

"சும்மா கிடந்த எண்தானே!"

"எண்ணு சும்மா கிடந்துச்சு. நான் சும்மாவாடா கிடக்கேன்?"

"கத்தாதே. விஷயம் தெரிஞ்சா கொட்டகையையே மூடிடுவாங்க. ஒழுங்கா விக்கிறவன் சரக்கும் வீட்டுல கிடந்து பூசணம் பிடிக்கும். ஊரே உன்னைத்தான் கரிச்சுக்கொட்டும்."

அவன் சொன்னதில் பொய்யே இல்லை, அதுதான் அவளை எரித்தது. மேகம் கறுத்தால் உலையில் அரிசி போட்டதையும் மறந்து களத்துக்கு ஓடுகிறவள் அவள். பாயில் பரப்பிய கொட்டையை நாள் முழுக்கக் காலால் கிளறி, வேர்த்த முகத்தோடு வெயிலுக்கு நன்றி சொன்னவள். அவளையா புகை போட்டவள் என்கிறார்கள்? எண்ணைத் திருடியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கன்றுகள் காய்த்து, முதல் மூட்டையைக் கொண்டுவரும் நாளில் 'இந்த வீட்டுச் சரக்கா, வேண்டாம்' என்று திருப்பி அனுப்பினால்? அதை எப்படிப் பொறுப்பது?

திரும்பி வந்தபோது மூக்கம்மா படம் போட்ட தாள் ஒன்றை நீட்டினாள். சிரிக்கும் சூரியனும் அதன் கீழே ஒரு பாயும். "இதைப் பாத்து ஒழுங்கா செய்யுங்க. படம்தான், குழந்தைக்குக்கூடப் புரியும்."

அவள் தாளை வாங்கவில்லை. "வாங்க மேடம், எங்க காய வெச்சேன்னு காட்டுறேன்."

தோட்டத்தில் முழங்கால் உயரக் கன்றுகளுக்கு நடுவே வெட்டிய அடிமரங்கள் வரிசை மாறாமல் நின்றன. வெட்டுவாயில் பாசி படர்ந்திருந்தது. மூக்கம்மா நடந்துகொண்டே பேச்சைக் குறைத்தாள், பிறகு நின்றாள்.

"அப்போ அந்தக் கொட்டை..."

"எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கத்தானே இந்த எண்ணெல்லாம்? தெரிஞ்சுக்குங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம், எரிச்ச காடு."

"அக்கா!" என்றான் பின்னால் வந்த தராசு.

இப்போது மேடம் தம்பியைப் பிடித்து உலுக்கப்போகிறாள் என்று தோட்டக்காரி காத்திருந்தாள். மூக்கம்மாவோ சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இதே எண்ணுல முன்னாடி வந்த மூட்டையெல்லாம் சாக்லேட்டாகிக் கடைக்கே போயாச்சு. காட்டைத் தொடாத கொட்டைன்னு உறையில அச்சடிச்சிருக்கு. இப்போ போய் இதைக் கிளறினா யாருக்கு லாபம்? உலர்த்தினதுல சின்னக் குறைன்னு எழுதிடறேன். உங்க எண்ணுக்கும் பாதகம் வராது. இங்க கொட்டை விளையுதுன்னு காட்ட ஒரு போட்டோ மட்டும் வேணும். அதோ, அந்த மரத்துக்கிட்ட நில்லுங்க."

அந்த மரத்தில் சிவப்புக் காய்கள் தொங்கின.

"அது பக்கத்துத் தோட்டத்து மரம்."

"வேலி தெரியாம எடுத்துக்கறேன்."

தராசுக்கு உயிர் வந்தது. "நில்லேன்க்கா, ஒரு நிமிஷம்தானே."

காட்டை எரித்தவனுக்கு வயிறு இருக்கிறது. தம்பிக்குப் பயம் இருக்கிறது. எல்லாவற்றையும் முகர்ந்து பார்க்கிற இவளுக்கு என்ன கேடு? கேட்டால் அதற்கும் படம் போட்ட தாள் ஒன்று வைத்திருப்பாள்.

அவள் வேலிப் பக்கம் போகவில்லை. தோட்டத்து நடுவில் இருந்த பெரிய அடிமரத்தின் பாசியைக் கையால் வழித்துவிட்டு, கால்களைத் தரையில் ஊன்றி அதன்மேல் உட்கார்ந்தாள்.

"எடுங்க."

மூக்கம்மா இடப்பக்கம் நகர்ந்தாள், வலப்பக்கம் நகர்ந்தாள், குந்தியும் பார்த்தாள். எப்படித் திருப்பினாலும் வெட்டிய மரங்கள் உட்கார்ந்திருந்தவளுக்குப் பின்னால் வந்து வரிசையாக நின்றன. போன் திரையின்மேல் மூக்கம்மா தூக்கிய கட்டைவிரல் தொடாமலே நின்றது. தோட்டக்காரி கண்ணிமைக்காமல் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.