சரி சொல்லும் விரல்

எதற்கும் "வேண்டாம்" என்று சொல்ல வாய் வராத ஆள் யாரென்று கேட்டால், அந்தத் தெருவில் போகிறவர்கூட லிஃப்ட் மெக்கானிக்கைத்தான் கை காட்டுவார். விடுமுறை நாளில் வேலைக்குக் கூப்பிட்டாலும் சரி என்பார். பக்கத்து வீட்டுப் பீரோவை மூன்றாம் மாடிக்கு ஏற்ற வேண்டுமா, அதற்கும் சரி. மச்சினன் அவருக்குச் "சரி மாமா" என்று பட்டமே கட்டிவிட்டான். ஆகவே காலை ஒன்பதே முக்காலுக்கு வீட்டுக் கணினி கூத்தடிக்கத் தொடங்கியபோது, குற்றவாளி யாரென்று அவருடைய மனைவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவள் மருத்துவமனையில் டாக்டர்களின் கடிதங்களை அடிக்கும் டைப்பிஸ்ட்.

"ஏங்க, எதை அமுக்கித் தொலைச்சீங்க?"

கூத்து என்றால் சாதாரணக் கூத்து இல்லை. பிரௌசரைத் திறந்தாள், கூடவே மூன்று ஜன்னல்கள் திறந்தன. ஒன்றில் பத்து நாளில் இளைக்கச் செய்யும் மாத்திரை. இன்னொன்றில் இலவசக் குதிரைப் பந்தயம். மூன்றாவது சிவப்பாகச் சிவந்து, "உங்கள் கணினியில் 47 வைரஸ்கள், உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று சைரன் ஊதியது. விளம்பரங்கள் இரண்டு வாரமாகவே தலைகாட்டிக்கொண்டுதான் இருந்தன. மூடிவிட்டு மூடிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்றைக்குத்தான் அவள் பயிற்சிப் பக்கத்தில் அடித்த எழுத்தெல்லாம் பக்கத்தில் விழாமல், மாத்திரைக்காரனின் "உங்கள் எடை என்ன?" என்ற பெட்டிக்குள் போய் விழுந்தது.

பதினோரு மணிக்குத் தேர்வு. காது கேளாத மாணவர்களுக்காக, ஆசிரியர் பேசப் பேச அதே நொடியில் எழுத்தாக்கித் திரையில் ஓடவிடும் வேலைக்கான தேர்வு. வருடத்துக்கு ஒரு தடவைதான் வைப்பார்கள். பதினொன்றுக்குப் பக்கம் திறக்கும், பதினொன்று ஐந்துக்கு மூடிக்கொள்ளும். நேற்று எந்தக் கணினியைப் பதிவு செய்தாளோ அதில் மட்டும்தான் எழுத முடியும். அப்புறம் அடுத்த வருடம்தான்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டது நேற்று இன்று இல்லை. அவள் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவர்கள் படித்த சின்னப் பள்ளியில் இரண்டு வகுப்புக்கும் ஒரே அறை. ஆசிரியர் பேசுவதை அக்கா காதில் வாங்கி, தம்பியின் நோட்டில் கிறுக்கிக்கொண்டே போவாள். கண் ஆசிரியரின் முகத்தில் இருக்கும், கை நோட்டில் ஓடும். தான் எழுதுவதை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. பார்த்தால் அடுத்த வரி தவறிவிடும். அப்படித்தான் அவளுக்கு அந்த வேகம் வந்தது. கீபோர்டுக்கு மாறிய பிறகு, பார்க்க முகம் எதுவும் இல்லாததால், கண்ணை மூடிக்கொண்டே அடிக்கப் பழகிவிட்டாள்.

"நான் எதையும் அமுக்கலையேம்மா" என்றார் மெக்கானிக், பாதி கட்டிய ஷூவோடு.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. அது கேட்டிருக்கும், நீங்க சரின்னு சொல்லியிருப்பீங்க. சொல்லாம இருக்கத்தான் உங்களுக்குத் தெரியாதே."

அவர் சைரன் ஊதும் சிவப்பு ஜன்னலைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை.

"சரி, நானாத்தான் இருக்கும்" என்றார்.

தம்பி கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். அவனோடு பேச்செல்லாம் செய்தியில்தான். அவள் கைபேசியில் திரையைப் படம் எடுத்து அனுப்பினாள். அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க முடியாமல், விளம்பரத்தை ஒழிப்பது எப்படி என்று பிரௌசரிலேயே தேடினாள். முதல் வரியிலேயே ஒன்று, ஒரே நிமிடத்தில் எல்லாவற்றையும் துடைத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டு நின்றது. அவள் கை அதன்மேல் போகும்போது தம்பியின் செய்தி வந்தது.

"அக்கா, இது ஆட்வேர். விளம்பரத்தை உள்ள விட்டுக் காசு பார்க்கிற ப்ரோக்ராம். சிவப்புல கத்துறது பொய், அதையும் தொடாத. கூகுள் பண்ணி எதையும் இறக்காத. தேடல்ல முதல்ல நிக்கிறதே இன்னொரு விளம்பரமா இருக்கும்."

அவள் கையைச் சூடு பட்டதுபோல எடுத்துக்கொண்டாள். அந்தச் செய்தி கொஞ்சம் தாமதித்திருந்தால் திருடனைப் பிடிக்க இன்னொரு திருடனை வீட்டுக்குள் கூட்டி வந்திருப்பாள்.

மெக்கானிக் ஷூவைக் கழற்றி மூலையில் விட்டார். "எங்க வேலையில முதல்ல மெயினை ஆஃப் பண்ணுவோம்" என்று சொல்லிக்கொண்டே, சுவரோரம் தவழ்ந்து போய் இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கினார். சைரன் நின்றது. வீடே மூச்சு விட்டதுபோல இருந்தது.

"மாமா கேபிளைப் பிடுங்கிட்டார்" என்று அவள் அனுப்பினாள்.

"சரி மாமா சரியாத்தான் பண்ணியிருக்கார். இப்ப ப்ரோக்ராம் லிஸ்டைத் திற. தேதி வாரியா அடுக்கு. புதுசு மேல வரட்டும்."

அடுக்கினாள். மேலே மூன்று பெயர்கள் ஒட்டிப் பிறந்தவை மாதிரி நின்றன. கூப்பன் தேடித் தரும் ஒன்று, தேடலை வேகமாக்கும் ஒன்று, கணினியைச் சுத்தம் செய்யும் ஒன்று. மூன்றுமே இரண்டு வாரத்துக்கு முன், பன்னிரண்டாம் தேதி ஏறியிருந்தன. "எல்லாத்தையும் தூக்கு" என்றான் தம்பி. மணி பத்து ஐந்து.

முதலாவதைத் தூக்கப் போனாள். ஒரு பெட்டி வந்தது. வலது கை சுண்டு விரல் என்டரைத் தட்டியது. பெட்டி போனது. பட்டியலைப் பார்த்தால், கூப்பன்காரன் அதே இடத்தில் குந்தியிருந்தான். மறுபடி நீக்கக் கொடுத்தாள், மறுபடி பெட்டி, மறுபடி விரல். கூப்பன்காரன் அசையவில்லை.

"போக மாட்டேங்குதுங்க. பிடிவாதமா உட்கார்ந்திருக்கு."

"அது என்ன கேட்டுச்சு?" என்றார் மெக்கானிக்.

"எது?"

"அந்தப் பெட்டியில என்ன எழுதியிருந்துச்சு? நான் படிக்கறதுக்குள்ள நீ தட்டிட்டே."

என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை கையை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். "நான் இல்லாவிட்டால் உங்கள் சேமிப்புகளை இழப்பீர்கள். என்னை வைத்துக்கொள்கிறீர்களா?" கீழே பச்சையாக, பெரிதாக, முன்னாலேயே தேர்ந்து வைத்த ஒரு பட்டன்: "ஆம், சரி." அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டுப் படிக்கும் அளவில், "வேண்டாம், நீக்கு." என்டரைத் தட்டினால் பச்சைக்குத்தான் போகும். இரண்டு தடவை அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு மெல்ல ஒன்று உறைத்தது. பட்டியலை மறுபடி பார்த்தாள். பன்னிரண்டாம் தேதி. அந்த வாரம் முழுக்க மெக்கானிக் வீட்டிலேயே இல்லை. வேறொரு ஊரில் ஒரு மருத்துவமனையின் நான்கு லிஃப்டையும் பிரித்துப் போட்டுக்கொண்டு கிடந்தார். அன்று காலை வீட்டில் இருந்தது அவள்தான். டைப்பிங் வேகம் அளக்கும் இலவச ப்ரோக்ராம் ஒன்றை இறக்கினாள். அது பெட்டி பெட்டியாக எதையோ கேட்டது. இவள் தட்டு தட்டென்று தட்டிவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள். நிமிடத்துக்கு நூற்றிருபது சொல் அடிக்கிற கைக்கு நாலு பெட்டி எந்த மூலைக்கு.

அதோடும் முடியவில்லை. கண்ணை மூடி அடிக்கும்போதெல்லாம் எந்த ஜன்னல் எதைக் கேட்டுக்கொண்டு வந்து நின்றாலும், வரி முடிந்ததும் இந்தச் சுண்டு விரல் அதற்குச் சரி என்று சொல்லியிருக்கிறது. அந்த வீட்டில் வேண்டாம் சொல்லத் தெரியாதது புருஷனின் வாய் இல்லை, இவளுடைய விரல்.

"நீங்க அன்னைக்கு ஊர்லயே இல்லை" என்றாள்.

"இல்லைதான்."

"அப்புறம் எதுக்குங்க ஒத்துக்கிட்டீங்க?"

"நீ கேட்ட வேகத்துக்கு, சரின்னு சொன்னாத்தான் சீக்கிரம் வேலைக்குப் போகலாம்னு தோணுச்சு."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டுக்கும் நேரம் இல்லை, மணி பத்து பத்து.

மெக்கானிக் தன் கருவிப் பெட்டியைத் திறந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தார். லிஃப்டின் கீழே இறங்கும்போது மேலே ஸ்விட்சில் மாட்டிவிட்டுப் போகிற அட்டை. "ஆள் உள்ளே வேலை செய்கிறார். தொடாதீர்கள்." அதை டேப் போட்டு என்டர் கீயின் மேல் ஒட்டினார்.

"இனிமே மவுஸ்ல மட்டும்" என்றார்.

அப்புறம் வேலை பறந்தது. அவர் ஒவ்வொரு பெட்டியையும் லிஃப்டின் எச்சரிக்கைப் பலகையைப் படிப்பதுபோல வாய்விட்டுப் படித்தார். முன்னாலேயே டிக் போட்டு வைத்திருந்த கட்டங்களைக் காட்டிக் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, சாம்பல் எழுத்தைத் தேடிப் பிடித்து அமுக்கினாள். கூப்பன்காரன் போனான். வேகக்காரன், "போகாதீர்கள், ஒரு மாதம் இலவசம்" என்று காலைப் பிடித்தான்.

"வேண்டாம்" என்றார் மெக்கானிக், கணினியைப் பார்த்து. சொல்லிவிட்டுத் தானே வியந்துபோனார். "வேண்டாம்னா வேண்டாம்" என்று இன்னொரு தடவை ருசி பார்த்துக்கொண்டார்.

மூன்றாவதும் போனது. பிரௌசருக்குள் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு எக்ஸ்டென்ஷன்களைத் தம்பி சொன்னபடி பிடுங்கினாள். அறிவிப்பு அனுப்ப யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்தால் பதினோரு தளங்கள், அத்தனைக்கும் அவள் விரலே கதவைத் திறந்துவிட்டிருந்தது. பதினொன்றையும் வெளியே தள்ளினாள். முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் பழைய இடத்தில் வைத்தாள்.

"இப்ப கேபிளை மாட்டு. கம்ப்யூட்டரோட கூடவே வந்த பாதுகாப்பு இருக்கில்ல, அதை அப்டேட் பண்ணி ஸ்கேன் விடு. வேற எதுவும் வேண்டாம்" என்றான் தம்பி.

பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. பத்து முப்பது. பத்து நாற்பது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், மாறி மாறி உட்கார்ந்தார்கள். பத்து நாற்பத்தாறுக்கு மிச்சம் மீதி இரண்டைப் பிடித்துக் கொடுத்தது. அழித்தாள். கணினியை அணைத்து மறுபடி போட்டாள். பத்து ஐம்பத்து நான்கு. பிரௌசரைத் திறந்தாள்.

வெள்ளைப் பக்கம். மாத்திரை இல்லை, குதிரை இல்லை, சைரன் இல்லை. இவ்வளவு அழகான வெறும் பக்கத்தை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. மெக்கானிக்கின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். மகிழ்ச்சி வந்தால் அவளுக்குக் கை நீளும்.

என்டர் இல்லாமல் தேர்வு எழுத முடியாது. ஒவ்வொரு வரி முடிவிலும் அது வேண்டும். சிவப்பு அட்டையை உரித்து மேசை ஓரத்தில் வைத்தாள். "கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு அடிக்கிறேன்" என்று சத்தியம் செய்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு நிமிடப் பாடம். நிலநடுக்கம் பற்றி ஒரு பேராசிரியர் மூச்சு விடாமல் பேசினார். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாக வந்தால் தேர்ச்சி. முதல் நான்கு நிமிடம் அவள் கண் திறந்துதான் இருந்தது. அப்புறம் பேச்சு சூடு பிடித்தது, கையும் சூடு பிடித்தது. அந்தப் பழைய வகுப்பறையும் தம்பியின் நோட்டும் எங்கிருந்தோ வந்தன. கண் தானாக மூடிக்கொண்டது. சொற்கள் விரல் நுனியில் வந்து கொட்டிக்கொண்டே இருந்தன. அவளுக்குப் பறப்பதுபோல இருந்தது.

ஒன்பதாவது நிமிடம். வரி முடிந்தது. சுண்டு விரல் என்டரை நோக்கி எழுந்தது. யாரோ அந்த விரலைப் பிடித்தார்கள்.

இறுக்கமான பிடி, கிரீஸ் வாசனை. கண்ணைத் திறந்தாள். திரையின் நடுவே சின்னதாக ஒரு பெட்டி. இது விளம்பரம் இல்லை, தேர்வுப் பக்கமே கேட்கிறது: "இணைப்பு மெதுவாக உள்ளது. இதுவரை எழுதியதை ஒப்படைத்துத் தேர்வை முடிக்கவா?" முன்னாலேயே தேர்ந்து நின்றது, "சரி."

யாரையும் எதையும் வாழ்நாளில் தடுத்திராத அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் விரலைப் பிடித்திருந்தார். அவள் இடது கையால் மவுஸை இழுத்து "வேண்டாம்" என்பதை அமுக்கினாள். பெட்டி போனது. அவர் விரலை விட்டார். அதற்குள் பேராசிரியர் ஒன்றரை வாக்கியம் தாண்டிப் போயிருந்தார். அவள் விட்டதை விட்டுவிட்டு, ஓடும் ரயிலைப் பிடிப்பதுபோலப் பாதியில் தொற்றிக்கொண்டாள். மிச்ச மூன்று நிமிடமும் அவள் கண் இமைக்கவே இல்லை.

பேச்சு நின்றது. திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

தொண்ணூற்றாறு புள்ளி இரண்டு.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். மெக்கானிக் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவள் தம்பிக்கு எண்ணை மட்டும் அனுப்பினாள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"அக்கா, எனக்கு எழுதினப்ப நீ இவ்வளவு தப்பு விட்டதில்ல" என்றிருந்தது. உடனே இன்னொன்று வந்தது. "நான் அழுறேன். கடையில எல்லாரும் பார்க்கிறாங்க."

அவளும் அழுதாள். கண்ணீருக்கு நடுவே திரை மாறியது. பணியில் சேரும் விதிமுறைகள், நான்கு பக்கம். அடியில் ஒரே ஒரு பட்டன்: "சரி, ஏற்கிறேன்."

அவள் சுண்டு விரல் எழுந்தது. பாதி வழியில் தானாகவே நின்றது. மேசை ஓரத்தில் கிடந்த சிவப்பு அட்டையை எடுத்து என்டர் கீயின் மேல் வைத்தாள். ஆள் உள்ளே வேலை செய்கிறார், தொடாதீர்கள்.

"நாற்காலியைக் கிட்ட போடுங்க" என்றாள். "முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிங்க."

"வேலைக்கு நேரமாச்சேம்மா."

அப்போதுதான் அவருடைய கைபேசி அடித்தது. மேலாளர். மெக்கானிக் எடுத்துக் கேட்டார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாக ஓடியது. அவர் மனைவியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"வேண்டாம் சார்" என்றார். "அதாவது, இப்ப வர முடியாது. நான் இங்க ஒண்ணு படிச்சுக்கிட்டு இருக்கேன்."

கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.