நாலில் ஒன்றுதான் நிஜம்

வண்டன்மேட்டு ஏலக்காய் ஏலக்கூடத்தில், போடி வியாபாரி பிச்சைமணி கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஏதோ ஒரு மேசையில் வியாபாரி ஒருவர் விலை கேட்கும் பட்டனை அமுக்க, ‘டக்’ என்று ஒரு சத்தம். “இது ஜிஜோ,” என்றார். இன்னொரு ‘டக்’. “இது டின்சி.” ரெண்டுமே சரி! கூடம் கொல்லென்று சிரித்தது. முருகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

பின்னே? அந்தப் பட்டன் பெட்டிகளைச் செய்தவள் அவள்தானே. மலை ஈரத்தில் பழைய ரப்பர் பட்டன்கள் வீணாய்ப் போக, மேசைக்கு ஒரு பெட்டியாக, மெக்கானிக்கல் ஸ்விட்ச் வைத்துத் தந்திருந்தாள். பெட்டிக்கு நாலு பட்டன். ஒன்று விலையை ஏற்றும்; மற்ற மூன்றும் பின்னால் உதவும் என்று சும்மா விட்டவை. திரையில் விலை மட்டும்தான் வரும், கேட்டவர் பெயர் ஏலம் முடிந்தபிறகே வரும். துண்டைப் போட்டு மூடி, விரல் அசைவதைக்கூடக் காட்டாமல் அமுக்கும் ஆட்களிடம் போய்ச் சத்தம் போடும் பட்டனைக் கொடுத்தால் விடுவார்களா?

மேலாளர் சதீஷ் அவளைத் தனியே கூப்பிட்டார். “யார் கேக்கான்னு ஊருக்கே தெரிஞ்சா அது என்ன ஏலம்? சாப்பாட்டு நேரம் முடியுறதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா எல்லாத்தையும் கழட்டிக் கொண்டு போயிரு.”

தேயிலைத் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு இதில் இறங்கியவள். கழற்றிக்கொண்டு போனால் மறுபடி அந்த வாசலில்தான் நிற்க வேண்டும். மாட்டேன் என்றது மனசு.

சத்தம் அந்த ஸ்விட்சின் பிறவிக்குணம். வேறு ஸ்விட்ச் கையில் இல்லை. மாற்ற முடிந்தது ஃபர்ம்வேர் மட்டும்தான். எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்து சொல்லும் நிரல் அது. மடிக்கணினியைத் திறந்தவளின் கண், சும்மா கிடந்த மூன்று பட்டன்கள் மேல் போனது. அட, சத்தத்தை ஏன் நிறுத்தணும்?

மளமளவென்று எழுதினாள். முதல் பெட்டியில் ஏற்றிப் பார்த்தால் நாலு பட்டனுமே விலையை ஏற்றித் தொலைத்தன. தலையில் அடித்துக்கொண்டு, விட்டுப்போன வரியைச் சேர்த்தாள். பிறகு பெட்டி பெட்டியாக வயரைச் செருகி ஏற்றி முடித்தாள். சோற்றைத் தொடவில்லை.

“ஏலத்துக்கு முன்னால ஒரு பட்டன நல்லா அமுக்கிப் பிடிங்க. அதுதான் உங்களுக்கு நெசம். மத்த மூணும் வெறும் சத்தம், எவ்வளவு வேணாலும் தட்டுங்க,” என்றாள் வியாபாரிகளிடம்.

“எங் காதுக்கு நெசம் பொய் தெரியாதாக்கும்?” என்று பிச்சைமணி கண்ணை மூடினார்.

மூட்டை ஏலத்துக்கு வந்தது. தகரக் கூரையில் மழை விழுந்த மாதிரி எல்லா மேசையிலும் டக டக டக. “ஜிஜோ... இல்ல டின்சி... ஜிஜோவேதான், சத்தியம் பண்றேன்!”

திரையில் மூட்டையை எடுத்த வியாபாரியின் பெயர் வந்தது: சித்ரா. ஜிஜோ ஒரு தடவைகூட விலை கேட்கவில்லை. அவ்வளவு நேரமும் பொய்ப் பட்டனைத்தான் தட்டிக்கொண்டிருந்தான்!

கூடம் அதிர்ந்தது. முருகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தாள். “பெட்டி இங்கயே இருக்கட்டும்மா,” என்றார் சதீஷ்.

பிச்சைமணி கண்ணைத் திறந்து அவளை முறைத்தார். “என்னையே ஏமாத்திட்டியே தாயி! ஆமா, இந்தப் பொய்ப் பட்டன் எம் பெட்டியிலயும் இருக்குல்ல?”

அடுத்த மூட்டைக்கு எல்லாரையும்விட அதிகச் சத்தம் வந்தது அவர் மேசையிலிருந்துதான். ஒரு ரூபாய்கூட அவர் கேட்கவில்லை.