ஜன்னலுக்குக் கட்டிய பாவாடை

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. பலாங்கொடை பஸ்ஸில் ஆசையாக ஜன்னலோரம் உட்கார்ந்து, இறங்கும்போது ஒரு பக்கம் மட்டும் நனைந்திருந்தேன். ஜன்னலைத் திட்டி எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதக் கோபம் போய்விட்டது, கதைதான் மிச்சம்.

'மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்...' வேண்டாம். கதை நடக்கும் கேகாலையில் மழை பெய்யாத மாலைதான் செய்தி.

2.

கலைச்செல்வி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். வயது முப்பத்தெட்டு. [முதலில் இருபது என்று எழுதினேன். இருபதில் யார் ஜன்னலுக்காகக் கவலைப்படுகிறார்கள்?] மாவனல்லைத் தோழி றிப்னாவும் அவளும் சேர்ந்து ஒரு பழைய வேனில் கட்டிலும் அடுப்பும் பொருத்தி, சுற்றுலாக்காரர்கள் தங்கிப் போகும் வீடாக்கினார்கள். சனிக்கிழமை முதன்முதலாக விருந்தாளிகள் வருகிறார்கள். வேன் றிப்னாவின் அண்ணன் ரிப்கானுடையது. ஜன்னல் ஒழுகி மெத்தை இன்னொரு தடவை நனைந்தால் வேனில் மீன் பெட்டி ஏற்றிவிடுவேன் என்று அவன் சொல்லிவிட்டான். தோட்டத்துக்கு வெளியே கலைச்செல்வி கைவைத்த முதல் வேலை இது. விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமே இல்லை.

3.

(கொஞ்சம் தொழில் விஷயம். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஜன்னல் சட்டத்தைச் சுற்றி அவள் தார்ப்பசை பூசியிருந்தாள். ரப்பர் மரத்துக்கு ரெயின் கார்ட்* ஒட்டுகிற அதே பசை, அதே கைவேகம். ஒரு பொட்டு இடம் விடவில்லை. அப்படியும் ஒழுகியது. வியாழக்கிழமை கண்ணாடியைக் கழற்றினால், சட்டத்தின் அடியிலுள்ள பள்ளத்தில் தண்ணீர் குளமாக நிற்கிறது. கலைச்செல்வி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"மரத்துக்கு மேல மட்டுந்தானே இறுக்கி ஒட்டுவோம், கீழ தொறந்துதானே விடுவோம்? இங்க தண்ணி வெளிய போற ஓட்டையையும் சேத்து அடைச்சிட்டேன் றிப்னா."

றிப்னா சிரித்துச் சிரித்து வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

* பால் வடியப் பட்டையில் போட்ட வெட்டில் மழை இறங்காமல் மரத்தைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் பாவாடை.

4.

சட்டத்தையும் கழற்றி, பழைய பசையைச் சுரண்டினார்கள். புது ஒட்டுப்பட்டி வைத்துச் சட்டத்தைத் திரும்ப முடுக்கி, மேலேயும் பக்கங்களிலும் சிலிக்கன் பூசினார்கள். கீழே இருந்த இரண்டு ஓட்டைகளையும் கொண்டை ஊசியால் குத்தித் திறந்தார்கள்.

முடிவு ஒன்று: ஒழுகுகிறது. மீன். (அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: விருந்தாளிகள் ஆனந்தக் கண்ணீரோடு அவள் கையைப் பிடித்து... (சே.)

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மழை பிடித்தது. நனைந்தால் முதலில் நான் நனைகிறேன் என்று கலைச்செல்வி உள்ளே போய் ஜன்னலுக்குக் கீழேயே படுத்தாள். மற்ற மூவரும், என்னையும் சேர்த்து, குடையோடு வெளியே நின்றோம். அரை மணியில் உள்ளேயிருந்து குறட்டை கேட்டது.

மெத்தை காய்ந்திருக்கிறது, வேறென்ன என்கிறாள் றிப்னா. விடியுமுன் எழும்பிப் பால் வெட்டுகிறவள் நனைந்த மெத்தையிலும் தூங்குவாள் என்கிறான் ரிப்கான். எனக்கும் தெரியாது. வேன் கதவு திறந்துதான் இருக்கிறது. நீங்களே போய்த் தொட்டுப் பாருங்கள், அவளை மட்டும் எழுப்பிவிடாதீர்கள்.