வயர் இல்லாத கதவு

“லைட்டை இன்னும் கொஞ்சம் கீழ பிடிங்க அத்தான்.”

அத்தான் பிடித்தார். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்த வயரிங்காரனின் முகத்தில் செல்போன் வெளிச்சம் கொட்டியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். கூசியது வெளிச்சத்தால் மட்டும் அல்ல.

மணி பத்து இருபது. பத்தரைக்கு, அத்தான் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலின் முதலாளியம்மா வண்டியைச் சோதிக்க வருகிறார். அதற்குள் ஒரு நீல வயரை, ரிமோட் பெட்டியிலிருந்து ஓட்டுநருக்கு அடுத்த பக்கக் கதவின் சுவிட்ச் வரைக்கும் இழுத்துப் பற்றவைத்தாக வேண்டும். போன வாரமே பற்றவைத்திருக்க வேண்டிய வயர். ‘சும்மா ஒரு செக்கிங்’ என்று அவன் சொன்னதை நம்பி, அத்தான் திருடனுக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கியர் வண்டிக்கு ரிமோட் ஸ்டார்ட் வைப்பது புலிவாலைப் பிடிக்கிற வேலை. கிளட்சை மிதிக்க ஆள் இருக்காது. வண்டி கியரில் இருந்தால் பாய்ந்துவிடும். அதனால் அந்தப் பெட்டிக்குள் ஒரு காவல் உண்டு. வண்டியை நிறுத்தும்போது நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் ஓட ஓடவே சாவியை உருவிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். கதவுகளைச் சாத்திய பிறகுதான் எஞ்சின் தானாக அணையும். ஆள் இல்லாமல் நின்ற இடத்தில் ஓடுகிற வண்டி நியூட்ரலில்தான் இருக்கும் அல்லவா? பெட்டி அதை நம்பிக்கொள்ளும். அதன் பிறகு எந்தக் கதவு திறந்தாலும் அந்த நம்பிக்கை போச்சு. ரிமோட்டை எத்தனை தடவை அமுக்கினாலும் ஸ்டார்ட் ஆகாது.

எந்தக் கதவு திறந்தாலும். ஆனால் அவன் வயர் கொடுத்தது ஓட்டுநர் கதவுக்கும் பின் கதவுகளுக்கும்தான். அந்த நாலாவது கதவுக்குப் போக டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்க வேண்டும், பொழுது சாய்ந்துவிட்டது. வண்டியை வீட்டுக்கு ஓட்டிவருவது அத்தான், இறங்குவது ஓட்டுநர் கதவு வழியாக, அது போதாதா என்று மனதுக்குள் ஒரு சமாதானம். வாயிலோ, “எல்லாம் பக்கா அத்தான்.”

நேற்றுக் காலை அத்தான் மாடியிலிருந்து ரிமோட்டை அமுக்கினார். கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. முன்னால் நின்று மிதியடி உதறிக்கொண்டிருந்த அக்காவின் கால், பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டியது. கணுக்காலில் இரண்டு முறிவு.

ஊருக்கெல்லாம் நியூட்ரல் சொல்லிக்கொடுத்த வாத்தியார் வீட்டில் கோட்டை விட்டுவிட்டார் என்று தெருவே சிரித்தது. கட்டுப்போட்ட காலோடு உள்ளே படுத்திருந்த அக்கா, காலையிலிருந்து ஒரே ஒரு வாக்கியம்தான் பேசியிருந்தாள். “இந்த மனுஷன் கையில இனிமே சைக்கிள் பூட்டுச் சாவிகூட குடுக்காதீங்க.”

அத்தானும் தன் தப்புதான் என்று நம்பினார். முந்தாநாள் சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கிய பிறகு, ஜன்னல் வழியாகக் கையை விட்டு மூக்குக்கண்ணாடியை எடுத்தாராம். அப்போது கை பட்டு கியர் விழுந்திருக்கும். ‘விழுந்திருக்கும் அத்தான்’ என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த யோசனையை எடுத்துக்கொடுத்தது வயரிங்காரன்தான்.

“நாலாயிரம் பேருக்குச் சொல்லிக்குடுத்திருப்பேன் மாப்ள,” என்றார் அத்தான், லைட் ஆடாமல். “ஏறினதும் மொதல்ல கியரை ஆட்டிப் பாரு, அப்புறம்தான் சாவின்னு. உன்னையும் சந்தி சிரிக்க வச்சுட்டேனே.”

அவன் டேப்பைச் சுற்றினான். வியர்வை காதுக்குள் இறங்கியது.

முதலாளியம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். காரியத்தில் கறார். நலம் விசாரிக்க உள்ளே போனவர் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்து, தானே வண்டியில் ஏறினார். நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இறங்கினார், எஞ்சின் அணைந்தது. ஒரு கதவைத் திறந்து மூடி ரிமோட்டை அமுக்கினார். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. இப்படியே ஒவ்வொரு கதவாக நாலு தடவை. நாலாவது கதவில் வயரிங்காரனுக்கு மூச்சு நின்று வந்தது. வண்டி கல் மாதிரி நின்றது.

“வேலை சுத்தமா இருக்கு தம்பி,” என்றார்.

செருப்பால் அடித்திருந்தால் இதைவிடத் தேவலை.

முதலாளியம்மா அத்தான் பக்கம் திரும்பினார். யாராவது கதவைத் திறந்து கியரைத் தொட்டிருந்தால் வண்டி கிளம்பியே இருக்காது, அப்படியென்றால் ஜன்னல் வழியாக விட்ட கைதான் என்றார். இன்றைக்கு வீட்டுக்காரம்மா கால், நாளைக்குப் படிக்க வந்த பிள்ளையின் உயிர் என்றால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “அட்டையைக் குடுத்துடுங்க சார்.”

பத்தொன்பது வருடம் சட்டைப்பையில் தொங்கிய பயிற்சியாளர் அட்டை. அத்தான் கழற்றினார். ஒரு கையில் செல்போனோடு கழற்றியதில் கொக்கி சட்டையில் மாட்டிக்கொண்டது. இதையும் சரியாகக் கழற்றத் தெரியவில்லை என்பதுபோல் சிரிக்கப் பார்த்தார்.

“அந்த நாலாவது கதவுக்கு அப்ப வயரே கிடையாதுங்க,” என்றான் வயரிங்காரன். குரல் யாருடையதோ போல் இருந்தது. “இப்பத்தான், நீங்க வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி குடுத்தேன்.”

முதலாளியம்மாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. அத்தான் தன் கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு, மெதுவாக அவன் தோளைத் தொட்டார்.

“அதனால என்ன மாப்ள. வயர் இருந்தாலும் இல்லாட்டியும் ஜன்னல்ல விட்டது என் கைதானே? எனக்காக நீ பழி ஏத்துக்காத.”

உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. அக்கா எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவன் தரையைப் பார்த்தபடியே பேசினான்.

“உங்க கை படவே இல்ல அத்தான். நீங்க கண்ணாடியை எடுத்துட்டு மாடிக்குப் போன பிறகு நான் வந்தேன். சீட்டுக்கடியில என் ஸ்குரூடிரைவரை விட்டுட்டுப் போயிருந்தேன். அந்தக் கதவைத் திறந்துதான் எடுத்தேன். வண்டி சரிவுல நிக்குது. எங்க பட்டறையில ஹேண்ட் பிரேக்கை எவனும் நம்ப மாட்டான், சரிவுன்னா கியர்ல போட்டுத்தான் நிறுத்துவோம், கை தானா கியருக்குப் போயிடும். நேத்து ஆஸ்பத்திரியில, உங்ககிட்ட ஜன்னல் கதையைச் சொல்றதுக்கு முன்னாடியே எனக்கு ஞாபகம் வந்துடுச்சு. ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு, கதவைச் சாத்திட்டுப் போனது நான்தான்.”